கதவு ஏன் பத்தடி உயரத்தில்? (டிம்சர்ச் கடற்கரையில் பார்த்த வட்டக் கட்டடம்)

12 ஆகஸ்ட் 2023, மாலை: ‘வல்லைவெளி’ என்ற பெயரில் ஒருவர் கேட்டது

பிள்ளைகளோடு இங்கிலாந்தில் கென்ற் பக்கம் டிம்சர்ச் கடற்கரைக்குப் போயிருந்தோம். கார் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். மணல்வீடு கட்டுகிற வாளியைக் கவிழ்த்து எடுத்த மாதிரி வட்டமாக, மேலே போகப்போகக் கொஞ்சம் ஒடுங்கி நிற்கிறது. யன்னல் என்று சொல்ல ஒன்றிரண்டு ஓட்டைதான். கதவு நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில். இவர் தண்ணீர்த் தாங்கி என்கிறார். நான் பழைய மறியல் வீடு என்கிறேன். தோற்றவர் ஒரு கிழமைக்குச் சமையல். எதுவாக இருந்தாலும், படி வைக்காமல் கதவு வைத்தவனுக்கு மூளை இல்லை என்பது என் முடிவு. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

12 ஆகஸ்ட், இரவு 11.40

இரண்டு பேரும் தோல்வி. கடையில் சாப்பாடு எடுங்கோ.

அது கோட்டை. ஒரே ஒரு பீரங்கிக்காகக் கட்டின குட்டிக் கோட்டை. மார்ட்டெல்லோ கோபுரம் என்பார்கள். நெப்போலியன் பிரான்சின் புலோன் துறைமுகத்தில் படையைக் குவித்துக்கொண்டு நின்ற காலத்தில், அவன் கடலைத் தாண்டி வந்தால் எங்கே இறங்குவான் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினவை. நான் இருக்கிற ஃபோக்ஸ்டனில் 1ஆம் இலக்கம் தொடங்குகிறது. சசெக்ஸ் பக்கம் சீஃபோர்டில் 74ஆம் இலக்கத்தோடு முடிகிறது. எசெக்ஸ், சஃபோக் கரையில் இன்னும் 29. அவற்றுக்கு இலக்கம் இல்லை, எழுத்து. ஆக மொத்தம் 103. நீங்கள் பார்த்தது 25ஆம் இலக்கமாக இருக்கவேண்டும். கொஞ்சம் தள்ளி நிற்கிற 24ஐத் திருத்தி, மேலே பீரங்கியும் வைத்திருக்கிறார்கள்.

கதவு உயரத்தில் இருப்பதற்குக் காரணம் மூளைதான். ஏணியை உள்ளே இழுத்துவிட்டால் வந்தவன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டியதுதான். கீழ்த்தளத்தில் வெடிமருந்து, சாமான். நடுத்தளத்தில் 24 சிப்பாய்களும் ஒரு அதிகாரியும். வெடிமருந்துக்கு மேலே பாய் விரித்துப் படுத்தார்கள் என்று வையுங்கோ. கூரையில் சுற்றித் திருப்பக்கூடிய பீரங்கி, 24 இறாத்தல் குண்டு போடுவது.

மார்ட்டெல்லோ என்பது இதை வரைந்த இத்தாலியப் பொறியியலாளரின் பெயர். இவை நின்றபடியால்தான் நெப்போலியன் வரவில்லை.

13 ஆகஸ்ட், காலை 6.15

வேலை முடிந்து வந்து படுத்தும் நித்திரை வரவில்லை. ராத்திரி எழுதினதின் கடைசி இரண்டு வரியும் பிழை. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

முதலாவது, அப்படி ஒரு பொறியியலாளரே இல்லை. கோர்சிகாத் தீவில் மோர்ட்டெல்லா முனை என்று ஓர் இடம். அங்கே ஒரு பழைய வட்டக் கோபுரம் நின்றது. இங்கிலாந்துக்காரர் அதன் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் மார்ட்டெல்லோ ஆக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தை ‘ஜஃப்னா’ என்று சொல்கிற ஆட்களின் வாய்க்கு இது பெரிய வேலையில்லை. மோர்ட்டெல்லா என்பது அந்த ஊரில் வளர்கிற ஒரு வாசனைச் செடி. எங்கள் நாவல், கொய்யா எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது, கோபுரம் கட்டுவது என்று முடிவெடுத்த கூட்டம் ரோச்செஸ்டரில் நடந்தது, 1804 ஒக்ரோபர் 21. பிரதமர் பிட்டும் அதில் இருந்தார். கல் வைக்கத் தொடங்கியது அடுத்த வருட வசந்தத்தில். அந்தக் கோடை முடியும்போதே நெப்போலியன் புலோனில் இருந்த படையை ஒஸ்திரியா பக்கம் திருப்பிவிட்டான். ட்ரஃபல்கர் கடற்சண்டை 1805 ஒக்ரோபர் 21, கூட்டம் நடந்து சரியாக ஒரு வருடம். பிரெஞ்சுக் கப்பற்படை அதோடு சரி. தென்கரைக் கோபுரங்கள் கட்டி முடிய 1808, கிழக்குக்கரையில் 1812. ஆள் வராது என்று தெரிந்த பிறகும் ஒன்றுக்கு ஐந்து லட்சம் செங்கல் வீதம் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எடுத்தவனுக்கு நல்ல காலம்.

13 ஆகஸ்ட், மதியம்

“அப்படியென்றால் வீண் செலவுதானே அண்ணை” என்று வல்லைவெளி கேட்டிருக்கிறார். அவசரப்படாதையுங்கோ. கோர்சிகாக் கதை முழுதாகத் தெரிந்தால் சிரிப்பு வரும்.

1794 பெப்ரவரி. அந்த மோர்ட்டெல்லாக் கோபுரத்துக்குள் இருந்தது முப்பது சொச்சம் பேர், இரண்டு மூன்று பீரங்கி. கடலில் இரண்டு இங்கிலாந்துப் போர்க்கப்பல்கள், ஒன்றில் 74 பீரங்கி, மற்றதில் 32. இரண்டரை மணி நேரம் அடித்திருக்கிறார்கள். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்தவர்கள் குண்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி எறிய, பெரிய கப்பலில் தீப்பிடித்து, அறுபது பேர் வரை செத்தும் காயப்பட்டும், கப்பல் விலகி ஓடியது. அதைப் பார்த்து அசந்துபோய்த்தான் ஊருக்கு வந்து அதே மாதிரி கட்டினார்கள்.

ஆனால் அந்தக் கோபுரம் விழுந்தது. கரையில் இறங்கி, தரைப்பக்கம் பீரங்கியை ஏற்றி வைத்து அடித்தபோது இரண்டு நாளில் விழுந்தது. விழுத்தினவர்களும் இதே ஆட்கள்தான். தாங்களே இரண்டு நாளில் பிடித்த கட்டடத்தைப் பிடிக்கமுடியாத கட்டடம் என்று கொண்டாடி 103 தடவை கட்டியிருக்கிறார்கள்.

இங்கே கட்டும்போது அதை மறக்கவுமில்லை. கடல் பக்கச் சுவர் 13 அடி தடிப்பு. தரைப்பக்கம் 6 அடி. கதவும் தரைப்பக்கம்தான். வருகிறவன் கடலால்தான் வருவான் என்று நம்பிக் கட்டின வீடு.

13 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

வட்டம் என்று கேள்வியில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். வட்டமில்லை. ஒரு பக்கச் சுவர் தடிப்பாக இருப்பதால் வெளியே முட்டை வடிவம், உள்ளே வட்டம். கிழக்குக்கரையில் உள்ளவை இன்னும் குழம்பின வடிவம், மூன்று பீரங்கிக்கு இடம் விட்டுக் கட்டினவை.

15 ஆகஸ்ட், இரவு

இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுவது சுவரின் தடிப்பு இல்லை, வாசல். ஏன் என்று இன்று பெற்றோல் ஸ்ரேஷனில் சாமான் அடுக்கும்போதுதான் பிடிபட்டது.

1990. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி, சுற்றிவர இயக்கம். ஜூனில் தொடங்கி செப்டம்பர் 26 வரை நூறு நாளுக்கு மேலே. கோட்டைக்குள் இருந்தும் ஷெல் வரும், பலாலியில் இருந்தும் வரும், மேலே பொம்மர் சுற்றும். வளவில் பங்கர் வெட்டாத வீடு கிடையாது.

அப்பா மூன்று பனை தறித்தார். கிடங்கு என் நெஞ்சுக்கு மேலே ஆழம். மேலே பனங்குற்றியை நெருக்கி அடுக்கி, அதற்கு மேலே மண் நிரப்பின உரப்பை இரண்டு வரிசை, அதற்கு மேலே குவித்த மண். உள்ளே இறங்கினால் பச்சைப் பனையின் மணமும் ஈரமண் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறும். குற்றி இடுக்கால் மண் உதிர்ந்து தலையில் கொட்டும். அம்மம்மா மேலே பூசணி போட்டுவிட்டார். மண் கரையாமல் இருக்குமாம். நல்லாகவும் காய்த்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர். அவர் வந்து பார்த்துவிட்டு நேராக வெட்டாதே, ‘ட’ மாதிரி முறித்து வெட்டு என்றார். வாசலுக்கு நேரே இருக்கக்கூடாது. வாசலில் விழுந்து வெடித்தால் சன்னம் நேராகத்தான் வரும், மூலை திரும்பி வராது. சரி என்று அப்பா முறித்தார். பிறகு வாசல் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். ஓவசியர் கோட்டை தெற்கே, அதனால் வாசல் வடக்கே என்றார். பலாலி வடக்கே அல்லவா என்றார் அப்பா. ஒரு பின்னேரம் முழுக்க மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கதைத்துவிட்டு, கிழக்கே கிணற்றடிப் பக்கம் வைத்தார்கள்.

பொம்மருக்குத் திசை இல்லை என்பதை இரண்டு பேரும் கதைக்கவேயில்லை.

16 ஆகஸ்ட்

“பங்கர் கோட்டை இல்லை, பதுங்கு குழி. இரண்டையும் சேர்த்துக் கதைக்காதீர்கள்” என்று ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். சொல்லளவில் சரி. கோட்டையில் இருந்து திருப்பி அடிக்கலாம், பங்கரில் இருந்து திருப்பி அடிக்க எங்களிடம் என்ன இருந்தது, சாமி கும்பிடத்தான் முடியும்.

ஆனால் டிம்சர்ச் ஊர்ச் சனத்துக்கு அந்தக் கோபுரத்தால் என்ன பிரயோசனம் என்றும் யோசித்தேன். 25 பேர் ஏறி ஏணியை இழுத்துவிட்டால் கீழே நிற்கிற சனம் கீழேதான். அங்கே 23, 24, 25 மூன்றும் காவல் நின்றது மதகுக்கு. பின்னால் இருக்கிற ரொம்னி சதுப்பு, கடல் பெருகும்போது ஏறுகிற மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நிலம். மதகு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் வயலெல்லாம். அதைச் சொன்னால் பிரயோசனம் இல்லை என்றும் தள்ளமுடியாது. ம்.

19 ஆகஸ்ட், சனி

லீவு. ஹைத்தில் இருந்து ராணுவக் கால்வாய்க் கரையால் நடந்தேன். இதுவும் நெப்போலியனுக்காக வெட்டினதுதான், 28 மைல். 1804இல் தொடங்கி 1809இல் முடிந்தது. ஐரோப்பாவின் பெரிய ஆறுகளைக் கடந்துவந்த படையை ஒரு வாய்க்காலால் மறிக்கப் பார்த்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே நக்கலடித்திருக்கிறார்கள். நடந்துபார்த்தால் ஒன்று தெரியும், கால்வாய் நேராக ஓடாது. ஓரளவு தூரம் ஓடிச் சட்டென்று ஒரு முறிப்பு, பிறகு நேர், பிறகு முறிப்பு. முறிப்பில் பீரங்கி வைத்தால் அடுத்த முறிப்பு வரை கரை முழுக்க அதன் வாய்க்கு நேரே. ஓவசியர் சொன்ன சங்கதியைத் திருப்பிப் போட்ட மாதிரி. அவர் ஒளிக்க முறித்தார், இவர்கள் அடிக்க முறித்தார்கள்.

அப்போது மழை பிடித்துவிட்டது. ஒதுங்க இடம் பார்த்தால் கரையோரம் ஒரு பில்பொக்ஸ். 1940இல் ஹிட்லர் வருவான் என்று அவசர அவசரமாகப் போட்ட கொங்கிறீற் பெட்டி, ஆறு மூலை. அந்த வருடம் நாடு முழுக்க 28,000 அளவில் போட்டார்களாம். நெப்போலியனுக்கு வெட்டின கால்வாயின் கரையிலேயே ஹிட்லருக்கும் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் வரவில்லை.

குனிந்து உள்ளே போனேன். மூத்திர நாற்றம், பியர் ரின், யாரோ யாரையோ காதலிப்பதாகச் சுண்ணாம்பில் எழுத்து. கண் பழகினதும் பார்த்தால் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது, மேலிருந்து பார்த்தால் மூன்று கை விரித்த மாதிரி இருக்கும். கூரையைத் தாங்குவதற்கு மட்டும் இல்லை. வெளியே இருந்து துவாரத்தால் நுழைகிற துப்பாக்கிக் குண்டு எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து எல்லோரையும் அடிக்காமல் இருக்க வைத்தது. வாசலால் நுழைந்து அந்தச் சுவரைச் சுற்றித் திரும்பினேன். கால் தானாகத் திரும்பியது. ‘ட’.

பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை வெளியே வந்து மழைக்குள் நின்றுதான் குடித்தேன். நாற்றம் ஒரு காரணம்.

20 ஆகஸ்ட்

இப்படிக் கோபுரம் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக:

கனடாக்காரர் ரொறன்ரோவில் இருந்து போய்ப் பார்க்கக்கூடியது கிங்ஸ்ரன். அங்கே 1840களில் கட்டினது நாலு. அது அமெரிக்காவுக்குப் பயந்து. டப்ளினைச் சுற்றியும் இருக்கிறது. அங்கே சாண்டிகோவ் என்ற இடத்தில் உள்ளதில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904 செப்டம்பரில் ஆறு நாள் தங்கினார், பிறகு யுலிசிஸ் நாவலின் முதல் காட்சியையே அந்தக் கூரையில் வைத்தார். மொரீஷியசில் 1830களில் ஐந்து கட்டி மூன்று மிச்சம். அங்கே பயம் வெளியில் இருந்து மட்டும் இல்லை. அடிமைமுறையை ஒழிக்கப்போகிறார்கள் என்று தோட்டக்கார பிரெஞ்சுச் சீமான்கள் கிளம்பினால், பிரெஞ்சுக் கப்பல் உதவிக்கு வந்துவிடும் என்ற பயம்.

விலை கேட்ட தம்பிக்கு: சிலதை வீடாக்கி விற்கிறார்கள்தான். வட்டச் சுவரில் அலுமாரி எப்படிச் சாத்துவாய் என்று முதல் யோசி.

21 ஆகஸ்ட்

இலங்கையிலும் ஒன்று இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். அம்பாந்தோட்டையில், கடலுக்கு நீட்டின மேட்டில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில். 25 அடி உயரம். 1800களின் முதல் சில வருடங்களில் பிரித்தானியர் கட்டினது. ஒல்லாந்தர் கட்டினது என்று உள்ளூரில் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அந்த இடத்தில் முன்னர் இருந்ததுதான் ஒல்லாந்தருடையது. 1803இல் கண்டிப் படை அம்பாந்தோட்டையைத் தாக்கியிருக்கிறது. அவர்கள் வந்தது காட்டுப் பக்கத்தால். அதாவது, மெல்லிய சுவர் இருக்கவேண்டிய பக்கத்தால்!

21 ஆகஸ்ட், பிறகு

கடற்கோட்டையை ஏன் விட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவருக்கு: விடவில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிற ஹம்மன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. பெயரின் அர்த்தம் பன்றித் தொடையின் குதிக்கால். இலங்கைப் படம் அவர்களுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. பசித்தவன் பார்வை. நான் சின்ன வயதில் காரைநகர்க் கரையில் நின்று பார்த்ததோடு சரி. இப்போது கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது. ஆயிரம் கோபுரம் கட்டினாலும் நாலுபக்கமும் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஈடில்லை, வாசல் பிரச்சினை அரைவாசி தீர்ந்தது. குடிதண்ணீர்ப் பிரச்சினை தொடங்கியது என்பது வேறு கதை.

27 ஆகஸ்ட்

இன்று டிம்சர்ச்சுக்கே போனேன். 24 பூட்டு. திறக்கிற நாள் பார்த்துப் போகவில்லை, என் பிழை. முன்னொரு தடவை உள்ளே போயிருக்கிறேன், அப்போது கவனித்தது குளிர் மட்டும்தான்.

சரி, 25ஐச் சுற்றி நடந்தேன். சுற்றிவர 56 எட்டு, என் எட்டில். வல்லைவெளி சொன்ன கதவு மேலே இருக்கிறது. சாந்து இன்னும் கல்லாக இருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போனது. சுண்ணாம்பு, சாம்பல், காய்ச்சின கொழுப்பு கலந்த சாந்து என்பார்கள். இவ்வளவு உறுதியான சாமானை என்ன செய்தார்கள் தெரியுமா? 1860இல் ஈஸ்ட்போர்ன் பக்கம் ஒரு கோபுரத்தைத் தாங்களே அடித்துப் பார்த்தார்கள், ஆம்ஸ்ட்ரோங் என்கிற புதுமாதிரிப் பீரங்கியால். குழலுக்குள் புரி வெட்டினது. கோபுரம் பொடி. அதோடு மார்ட்டெல்லோவின் கதை முடிந்தது. மிச்சத்தில் பாதிக்கு மேல் கடல் தின்றும் இடித்தும் போய்விட்டது. நெப்போலியனுக்குப் பிறகு இவற்றில் இருந்தவர்கள் கள்ளக்கடத்தல்காரரைப் பிடிக்கக் காவல் நின்றார்கள். அந்த வேலைக்கு இந்தக் கோபுரம் மோசமில்லை.

வீண் செலவா என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 13ஆம் திகதி வீண் என்று நினைத்தேன், 16ஆம் திகதி இல்லை என்று நினைத்தேன். எங்கள் பங்கரிலும் ஷெல் விழவில்லை. அப்பா தறித்த மூன்று பனையும் வீண் என்று அம்மாவுக்கு முன்னால் சொல்லிப்பார்க்க எனக்குத் துணிவில்லை.

3 செப்டம்பர்

சொல்லிப்பார்த்தேன். அதாவது, அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

முதல் திருத்தம்: தறித்தது மூன்று பனை இல்லை, இரண்டு. மூன்றாவதை அம்மம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

இரண்டாவது: மாரியில் பங்கர் நிறையத் தண்ணீர். தவளை கத்தி ராத்திரி நித்திரை இல்லை. மூன்று நாள் வாளியால் இறைத்தது நீதான், மறந்துபோனாயா என்றார். மறந்துதான் போனேன்.

மூன்றாவது வாசல். கிணற்றடிப் பக்கம் என்று நான் 15ஆம் திகதி எழுதினது அடியோடு பிழை. அப்பாவும் ஓவசியரும் ஒரு பின்னேரம் கதைத்து முடிவெடுத்தது உண்மைதானாம். அடுத்த நாள் அப்பா வெளியே போன நேரம் அம்மா அந்த வாயை மூடி, மற்றக் கரையில் குசினிப் பக்கமாகப் படி வெட்டிவிட்டார்.

ஏனம்மா, எந்தப் பக்கத்தால் ஷெல் வரும் என்று பார்த்தா என்று கேட்டேன்.

“சோறு அடுப்பில கிடக்கும். உள்ளுக்கு இருந்தபடி பானை தெரியவேணும்.”

95 இடப்பெயர்வு முடிந்து அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கிடங்கு பாதி தூர்ந்து கிடந்ததாம். குற்றியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் இரண்டு கதலி வைத்தது, இன்னும் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது என்றார்.

வல்லைவெளி, சமையல் யார் என்று இன்னும் சொல்லவில்லை.